‘மாரா’வை எடுத்துப் பேசும் முன்: கசப்பைக் குறிக்கும் எபிரெயச் சொல்லைப் படிக்கும் முறை

புருஷனையும் பிள்ளைகளையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, தன்னை ‘மாராள்’ என்று கூப்பிடும்படி ஊராரிடம் சொல்வது ரூத்தின் புத்தகம் முதலாம் அதிகாரத்தில். அதை எடுத்துப் பேசச் சொன்னால், மதுரைப் பக்கத்துச் சபைகளில் செய்தி பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். “மாரா என்றால் கசப்பு. நகோமி உள்ளத்தில் கசப்பை வைத்திருந்தாள். உங்களுக்குள்ளேயும் கசப்பு இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் போடுங்கள்.” முதல் வாக்கியம் சரி. இரண்டாவதிலேயே வண்டி தடம் மாறிவிடுகிறது.

காரணம் நம் தமிழில் இருக்கிறது. “அண்ணன் தம்பிக்குள்ள ஏதோ கசப்பு” என்றால் மனத்தாங்கல், பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். மன்னிக்காமல் வைத்திருக்கும் ஒன்றைத்தான் நம் காது முதலில் கேட்கிறது. எபிரெயத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. ஒருவருக்கு நேர்ந்தது எவ்வளவு கொடியது, அது அவர் தொண்டையில் எப்படி நிற்கிறது என்பதைச் சொல்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் பேசினால், புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம். கூடவே, அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் விதவையையும்.

பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபக்கூட்டம் என்று எங்கே பேசுவதாக இருந்தாலும், எபிரெயம் படிக்காத ஒருவர் இரண்டு மாலைப் பொழுதில் இந்தச் சொல்லை ஒழுங்காகப் பார்த்து முடிக்கலாம். உபதேசியாராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

எடுத்து வைக்க வேண்டியவை

நாம் பழைய திருப்புதல் என்று சொல்லும் பரிசுத்த வேதாகமம் ஒன்று. ஹென்றி பவர் தலைமையில் வேலை நடந்து 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு அது. நம் காதில் பதிந்த சொற்கள் அதில்தான் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க 1995-இல் வந்த திருவிவிலியம் ஒன்று. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரிடம் கேட்டால் கிடைக்கும். எபிரெயத்துக்கு மொபைல் போதும். ஸ்டெப் பைபிள், ப்ளூ லெட்டர் பைபிள் இரண்டும் இலவசம். வசனத்தைத் தொட்டு ‘இன்டர்லீனியர்’ பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்ட்ராங் எண் காட்டும். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் புத்தகம் ஒத்தவாக்கியம்; 1890-இல் வந்த ஸ்ட்ராங் ஒத்தவாக்கியத்தின் எண்கள் அவை. அந்த எண் உங்களுக்கு விலாசம் மாதிரி: சொல் எங்கெங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும். அர்த்தத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒவ்வொரு வசனத்திலும் செல்லும் என்று நினைப்பது, இந்த வேலையில் நடக்கும் முதல் தப்பு.

நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். வசனம், எபிரெயச் சொல்லும் எண்ணும், தமிழில் வந்திருக்கும் சொல், நான்காவதாக, ‘கசப்பாக்கியது யார், எது?’ கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பதில் கிடைப்பது அங்கேதான்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள்

எபிரெயச் சொற்களுக்கு அடியில் பொதுவாக மூன்று மெய்யெழுத்து வேர் இருக்கும். இங்கே வேர் மேம்-ரேஷ்-ரேஷ்: ம், ர், ர். ஒரே எழுத்து கடைசியில் இரண்டு தரம் வரும் வேர்களில் ஒரு ரேஷ் பல வடிவங்களில் மறைந்துவிடும். அதனால்தான் ஆண்பால் உரிச்சொல் வெறும் ‘மர்’ என்று நிற்கிறது (எண் 4751). பெண்பாலில் ‘மாரா’. வினைச்சொல் ‘மாரர்’ (4843). அதில் இரண்டு ரேஷும் தெரியும்.

இதே வேரிலிருந்து வந்த குடும்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எகிப்திலிருந்து விடுதலையான இரவை நினைக்கும் பஸ்கா பண்டிகையின் கசப்பான கீரை ‘மாரோர்’ (4844), பன்மையில் ‘மெரோரீம்’. யோபு 20:14-இல் விரியன்பாம்புகளின் ‘பிச்சு’ என்று வருவது ‘மெரோரா’ (4846). பித்தத்துக்கு நாம் சொல்லும் பழைய சொல்தான் பிச்சு. வாந்தியில் பித்தம் ஏறி வரும்போது வாயில் நிற்கும் அந்தக் கசப்பை நினைத்துக்கொண்டால் இந்த வேரின் உடல்சார்ந்த பக்கம் சட்டென்று பிடிபடும். வெள்ளைப்போளத்தின் பெயரான ‘மோர்’ என்பதையும் இந்த வேரோடு சேர்த்துத்தான் அகராதிகள் பார்க்கின்றன. மணம் இனிது, சுவை கசப்பு.

சேர்க்கக்கூடாதவை இவற்றைவிட முக்கியம். நான்கு சொற்கள் பேசுகிறவர்களைத் தொடர்ந்து இடறுகின்றன.

‘கலகம்பண்ணு’ என்று பொருள்படும் வினையும் ‘மாரா’ என்றுதான் ஒலிக்கும் (4784). அதன் வேர் மேம்-ரேஷ்-ஹே, இது வேறு. “மாரா என்றால் கசப்பும் கலகமும்” என்று சிலர் இரண்டையும் பின்னிவிடுகிறார்கள். யாத்திராகமம் 15-இல் மாரா என்ற இடத்தில் தண்ணீர் கசப்பாக இருந்ததால் ஜனங்கள் முறுமுறுத்தது உண்மை. ஆனால் அந்தச் செய்தி கதையில் இருக்கிறது, ஊர்ப்பெயருக்குள் இல்லை.

‘மர்’ என்றே எழுதப்படும் இன்னொரு சொல்லுக்கு (4752) ‘துளி’ என்று பொருள். ஏசாயா 40:15-இல் ஒரே ஒரு தரம் வருகிறது: “ஏற்றச்சாலில் தொங்கும் துளி”. கமலை இறைத்த ஊர்க்காரர்களுக்கு ஏற்றச்சால் என்றாலே கண்ணில் தெரியும். அழகான வசனம், ஆனால் கசப்போடு அதற்குத் தொடர்பில்லை.

‘மேரிபா’ யாத்திராகமம் 17-இல் வரும் வேறு இடம், வேறு வேர், வாக்குவாதம் என்ற பொருள். அவசரத்தில் மாராவும் மேரிபாவும் ஒன்றாகிவிடுகின்றன.

நான்காவது, நம் தமிழ்ச் சொற்களே. மாரி என்றால் நமக்கு மழை. மாரன் இருக்கிறான், மாரடித்தல் இருக்கிறது, வண்டியூர் தெப்பக்குளத்தில் மாரியம்மன் இருக்கிறாள். ஒலி ஒத்திருப்பதை வைத்து எபிரெயத்துக்குப் பாலம் கட்டாதீர்கள். மேரி, மரியாள் என்ற பெயருக்கு “கசப்பு” என்று அர்த்தம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். மிரியாம் என்ற மூலப்பெயரின் பொருளில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. சபையில் பாதிப் பேர் வீட்டில் ஒரு மேரி இருக்கும்போது, உறுதியில்லாத ஒன்றை அந்தப் பிள்ளைமேல் சுமத்தவேண்டாம்.

ரூத் 1:20-க்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே பெயர் ‘ஹே’யில் முடியாமல் ‘ஆலெப்’பில் முடிகிறது: மேம்-ரேஷ்-ஆலெப். அதனால்தான் எண்ணும் வேறு (4755). அரமேயத்தில் பழகிய எழுத்துமுறை அது, பொருள் மாறவில்லை. ‘மாராள்’ என்று நம் வேதாகமத்தில் இருக்கும் ‘ஆள்’, சாராள், ரெபெக்காள் போல மொழிபெயர்த்தவர்கள் தமிழுக்காகச் சேர்த்தது. யாத்திராகமத்தில் வரும் மாரா என்ற ஊர்ப்பெயர் தனி எண்ணில் (4785) இருக்கிறது. ஒரே எண்ணைத் தேடிவிட்டு “மொத்தம் இத்தனை இடம்” என்று சொல்கிறவர்கள் பல இடங்களை விட்டுவிடுவது இதனால்தான். உரிச்சொல், வினை, கீரை, பித்தம், பெயர் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

தமிழ் ஒத்தவாக்கியம் ஏன் போதாது

தமிழ் வேதாகமத்தில் ‘கசப்பு’ என்று தேடி, வந்த வசனங்களைப் படித்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். பாதிகூட முடிந்திருக்காது. ‘மர் நெபெஷ்’ என்ற ஒரே சொற்றொடரை மட்டும் எடுத்துப் பாருங்கள். ‘நெபெஷ்’ என்பதை ஆத்துமா என்று மொழிபெயர்ப்பது வழக்கம்.

பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் அழுதபோது (1 சாமுவேல் 1:10) தமிழில் “மனங்கசந்து”. அதுல்லாம் குகையில் தாவீதிடம் வந்து சேர்ந்தவர்கள் (1 சாமுவேல் 22:2) தமிழில் “முறுமுறுக்கிறவர்கள்”. சிக்லாகு எரிந்துபோய்ப் பிள்ளைகளைச் சிறைபிடித்துக்கொண்டு போனபோது (1 சாமுவேல் 30:6) ஜனங்களுக்கு “மனக்கிலேசம்”. குட்டிகளைப் பறிகொடுத்த கரடியைப்போல இருந்த தாவீதும் அவன் ஆட்களும் (2 சாமுவேல் 17:8) “மனமெரிகிறவர்கள்”. மகன் மடியிலேயே செத்துப்போன சூனேம் ஊராள் (2 இராஜாக்கள் 4:27), “அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது”.

ஐந்து இடம், ஐந்து தமிழ்ச் சொல், அடியில் ஒரே எபிரெயம். மொழிபெயர்த்தவர்கள் தப்புச் செய்யவில்லை. அந்தந்த இடத்துக்குப் பொருந்திய சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு அன்னாளும் குகைக்கு வந்தவர்களும் கரடிபோல நின்ற தாவீதின் ஆட்களும் ஒரே வரிசையில் நிற்பது தெரியவே தெரியாது. ‘முறுமுறுக்கிறவர்கள்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் குறை சொல்லித் திரிகிறவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். எபிரெயம் அவர்களை அன்னாளோடு உட்கார வைக்கிறது: நொந்துபோனவர்கள்.

ரூத்திலேயே இந்த மறைப்பு இருக்கிறது. 1:13-இல் நகோமி மருமக்களிடம் “எனக்கு மிகுந்த விசனம் இருக்கிறது” என்கிறாள். எபிரெயத்தில் அந்த ‘விசனம்’ மர் என்ற வேரேதான். 20-ஆம் வசனத்தில் ஊராரிடம் சொல்வதை அதற்கு முன்பே வழியில் மருமக்களிடம் சொல்லிவிட்டாள். பெத்லகேமுக்கு வந்து சேர்ந்ததும் திடீரென்று வெடித்த பேச்சாக அதை நடிக்கக்கூடாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: வசன எண்கள் சில இடங்களில் ஒத்துவராது. தமிழில் உபாகமம் 29:18 என்பது எபிரெயத்தில் 29:17. யோனா இரண்டாம் அதிகாரத்திலும் ஓர் எண் தள்ளிப்போகும். தேடினது கிடைக்கவில்லை என்றால் ஒரு வசனம் முன்னே, ஒரு வசனம் பின்னே பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

குவியல் பிரித்தல்

இருபத்தைந்து வசனம் சேர்ந்தால் போதும். இப்போது நான்காவது பத்தியை நிரப்புங்கள்.

நாக்குக்குக் கசப்பது ஒரு குவியல். மாராவின் தண்ணீர், பஸ்காக் கீரை, “பசியுள்ளவனுக்கோ கசப்பான பதார்த்தங்களும் தித்திப்பாயிருக்கும்” என்ற நீதிமொழிகள் 27:7. இதில் சிக்கல் எதுவும் இல்லை.

அழுகை ஒரு குவியல். ஆதியாகமம் 27:34-இல் ஏசாவின் அலறலும் எஸ்தர் 4:1-இல் மொர்தெகாயின் அலறலும் எபிரெயத்தில் ஏறக்குறைய ஒரே சொற்கள்: பெரியதும் கசப்புமான கூக்குரல். தமிழில் இரண்டும் வேறு வேறாக வருவதால் இந்த எதிரொலி நமக்குக் கேட்பதில்லை.

மூன்றாவது குவியல்தான் நேரம் கேட்கும். ஒருவர் வாழ்க்கையை வேறொருவர் கசப்பாக்கும் இடங்கள். யாத்திராகமம் 1:14-இல் எகிப்தியர் சாந்தும் செங்கலும் சுமக்கவைத்து இஸ்ரவேலரின் ஜீவனைக் கசப்பாக்கினார்கள். அங்கே வருவது இந்த வேரின் வினைச்சொல். செய்தவன் எஜமான், கசந்தது அடிமையின் வாழ்க்கை. அந்த அடிமையிடம் போய் ‘உன் கசப்பை விடு’ என்று யாரும் சொல்லவில்லை. இரவில் கீரையாகச் சாப்பிட்டு நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

நான்காவது, ‘நெபெஷ்’ஷோடு வரும் இடங்கள். இந்தச் சொல் சில இடங்களில் உள்ளபடியே தொண்டை, கழுத்து என்று பொருள் தரும். யோனா 2:5-இல் “தண்ணீர்கள் பிராணபரியந்தம் என்னை நெருக்கினது” என்ற இடத்தில் இருப்பது அதுதான்: தண்ணீர் கழுத்துவரைக்கும் வந்துவிட்டது. ஆகவே ‘மர் நெபெஷ்’ஷை வெறும் மனநிலையாகப் படிக்காமல், தொண்டையிலேயே கசப்பு நிற்பதாகப் படித்துப் பாருங்கள். சாவு வீட்டில் மூன்றாம் நாள், “ஒரு வாய் சாப்பிடுத்தா” என்று தட்டை நீட்டும்போது, “இறங்கமாட்டேங்குது, எல்லாம் கசக்குது” என்று சொல்வார்களே, அந்தக் கசப்பு. யார்மேலேயும் வைத்த வன்மம் அதில் இல்லை.

நான்காவது பத்தியைக் கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள். மலடு, கடன், சிறைபிடிப்பு, பிள்ளைச் சாவு, அடிமை வேலை. மர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் இழப்போ கொடுமையோ இருக்கிறது. கசப்பை உள்ளே வளர்த்துக்கொண்டவர் என்று எழுத வேண்டிய இடம் அரிது. சங்கீதம் 64:3-இல் துன்மார்க்கர் கசப்பான வார்த்தைகளை அம்பாக எய்கிறார்கள். அங்கேகூடக் கசப்பு போய்த் தைக்கும் இடம் எதிரே நிற்பவனிடம்.

நீதிமொழிகள் 14:10-ஐ இந்த இடத்தில் நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளலாம்: “இருதயத்தின் கசப்பு இருதயத்துக்கே தெரியும்.” பேசப்போகிறவருக்கு இது ஓர் எல்லைக்கல். அடுத்தவர் கசப்பை அளந்து சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

எட்டியும் மரிக்கொழுந்தும்

நம் வேதாகமத்தில் கசப்புக்கு உவமையாக அடிக்கடி வருவது எட்டி. “அவள் செய்கையின் முடிவோ எட்டியைப்போலக் கசப்பு” (நீதிமொழிகள் 5:4), “எட்டியினால் என்னை வெறிக்கச்செய்தார்” (புலம்பல் 3:15). எபிரெயத்தில் அது ‘லஅனா’ (3939). எட்டி மரத்தை நமக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழம்போல உருண்டையாகப் பழுக்கும், உள்ளே தட்டையான வட்டக் கொட்டை, கொட்டையில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு. எட்டி பழுத்தால் என்ன, ஈயாதார் வாழ்ந்தால் என்ன என்று பழமொழியே உண்டு.

ஆனால் லஅனா எட்டி மரம் அல்ல. பாலஸ்தீன வனாந்தரத்தில் முழங்கால் உயரத்துக்குள் வளரும் ஆர்ட்டிமீசியா இனத்துப் புதர்ச் செடி என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சாம்பல் பூத்த சிறு இலை, கசக்கினால் தூக்கும் வாசனை, வாயில் கடும் கசப்பு. அந்த இனத்துச் செடி மதுரையில் தினமும் விற்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாக இருக்கும் மரிக்கொழுந்து ஆர்ட்டிமீசியாதான். அதே செடி இல்லை, அதே இனம். இலையைப் பாருங்கள்: வெட்டுவெட்டாக, பின்புறம் வெளுத்து, விரலில் தேய்த்தால் அரைமணி நேரம் வாசனை போகாது.

இதைத் தெரிந்துகொள்வதால் பொருள் என்ன மாறுகிறது? எட்டி கொல்லும். ஆர்ட்டிமீசியா கசக்கும், ஆனால் மருந்தாகவும் பயன்பட்ட செடி. புலம்பல் 3-இல் ஒருவன் லஅனாவைக் குடிக்கக் குடிக்கப் புகட்டப்பட்டும் சாகாமல், அதே அதிகாரத்தில் நம்பிக்கையைப் பற்றிப் பேசவும் செய்கிறான். எட்டி என்று நினைத்துப் படித்தால் பதினைந்தாம் வசனத்திலேயே ஆள் செத்திருக்க வேண்டும். மொழிபெயர்த்தவர்கள் இங்கே எல்லோருக்கும் தெரிந்த உச்சக் கசப்பைத் தேடி எட்டியைப் பிடித்தார்கள். கேட்டவுடன் உறைக்கிறது. அதற்கு விலையாகச் செடி மாறிவிட்டது.

அந்த வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. “கசப்பினால் என்னை நிரப்பி” என்ற இடத்தில் வரும் எபிரெயச் சொல் ‘மெரோரீம்’, பஸ்காக் கீரைக்கான அதே சொல். யாத்திராகமம் 12:8, எண்ணாகமம் 9:11, அப்புறம் இது. விடுதலை இரவில் ஒரு கவளமாகச் சாப்பிட்டதை எருசலேம் இடிந்தபோது வயிறு நிறையச் சாப்பிட வைத்தார் என்று அழுகிறான். தமிழ் மட்டும் படித்தால் இது தவறிப்போகும்.

மாராவின் தண்ணீரும் தேத்தாங்கொட்டையும்

யாத்திராகமம் 15:23-25-ஐ விளக்கும்போது, மோசே போட்ட மரம் என்ன மரம் என்ற கேள்வி வந்தே தீரும். நம் ஊரில் உடனே வரும் பதில் தேத்தாங்கொட்டை. கலங்கின தண்ணீர்ப் பானையின் உட்பக்கத்தில் கொட்டையைத் தேய்த்தால் மண் அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். உண்மைதான். ஆனால் தண்ணீரில் மிதக்கும் மண்ணைத்தான் அது படியவைக்கும், கரைந்துபோன உப்பை எடுக்காது. போர் தண்ணீர் சவராக இருக்கும் வீட்டில் தேத்தாங்கொட்டை தேய்த்தால் சவர் போகாது. கசப்பும் அப்படித்தான். மெக்னீசிய உப்புக் கரைந்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்துகொண்டு நாக்கில் கசக்கும். வசனம் மரத்தின் பெயரைச் சொல்லவில்லை. நாமும் சொல்லாமல் விடுவதுதான் நேர்மை.

அதைவிட, “ஒரு மரத்தைக் காண்பித்தார்” என்ற வினையைப் பாருங்கள். காட்டுவதற்கு வழக்கமான எபிரெய வினை இங்கே வரவில்லை. ‘போதித்தார்’ என்று பொருள்படும் வினை வந்திருக்கிறது. தோரா (நியாயப்பிரமாணம்) என்ற சொல் பிறந்த அதே வேர். அடுத்த வரியிலேயே நியமமும் நியாயமும் பேச்சில் வருவதற்கு இந்த வினை வழிவிடுகிறது.

முடிவில் தண்ணீர் “மதுரமான தண்ணீராயிற்று”. மதுரைக்காரர்கள் இந்த வார்த்தையைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள், உட்காரட்டும். மர் என்பதற்கு நேர் எதிரே நிற்கும் எபிரெய வேர் இங்கே வருகிறது: மாதோக், தித்திப்பு. ஏசாயா 5:20-இலும் இதே இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன.

திரும்ப ரூத்துக்கு

இப்போது 1:20-ஐப் படியுங்கள். “சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்.” எபிரெயத்தில் ‘கட்டளையிட்டார்’ என்று தனிச்சொல் கிடையாது. ‘ஹேமர்’ என்ற ஒரே வினை: கசப்பாக்கினார். எகிப்தியர் அடிமைகளுக்குச் செய்ததைச் சொன்ன வேரை எடுத்து, எழுவாயாக ஷதாய் என்ற தெய்வப் பெயரை வைக்கிறாள். இது கொஞ்சமான பேச்சு அல்ல. யோபு பேசுகிற அளவுக்குத் துணிந்த பேச்சு.

உங்கள் நோட்டில் நான்காவது பத்தியில் என்ன எழுதுவீர்கள்? அவளே சொல்லிவிட்டாள். அவள் கசப்பை வைத்திருக்கவில்லை, கசப்பு அவளுக்கு நேர்ந்தது என்பது அவளுடைய வாக்குமூலம். அதை மாற்றி எழுத நமக்கு அனுமதி இல்லை.

மூன்று விஷயங்களைக் கூடவே காட்டுங்கள். அவளை யாரும் கண்டிக்கவில்லை: ரூத் இல்லை, ஊர்ப் பெண்கள் இல்லை, கர்த்தர் இல்லை. மாராள் என்று கூப்பிடச் சொன்ன பிறகும், 22-ஆம் வசனம் தொடங்கி புத்தகம் முடியும்வரை கதை சொல்கிறவர் அவளை நகோமி என்றே எழுதுகிறார். அப்புறம், 4:15-இல் பெண்கள் “உன் ஆத்துமாவுக்கு ஆறுதல்செய்து” என்று ரூத்துக்குப் பிறந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நெபெஷ் வருகிறது. கசந்து நின்ற தொண்டைக்கு மூச்சுத் திரும்புகிறது. அந்தத் திரும்புதல் அவள் ஒரு பாவத்தை அறிக்கையிட்டதால் வரவில்லை.

எபிரெயர் 12:15-ஐ எங்கே வைப்பது

பேசி முடித்ததும் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: “‘கசப்பான வேர்’ என்று இருக்கிறதே?” இருக்கிறது. கிரேக்கத்தில் அது ‘பிக்ரியா’. எபேசியர் 4:31-இல் கோபம், மூர்க்கம் இவற்றோடு சேர்ந்து விட்டுவிட வேண்டியதாக வருவதும் அதுவே. அங்கே ‘கசப்பை விடுங்கள்’ என்று பேசுவது சரிதான்.

எபிரெயர் 12:15 உபாகமம் 29:18-ஐ எடுத்துப் பேசுகிறது. அந்த இடத்தில் நஞ்சையும் எட்டியையும் முளைப்பிக்கிற வேர் என்பது, கர்த்தரை விட்டு வேறு தேவர்களிடம் போக மனதைத் திருப்பும் ஆள். பக்கத்து வீட்டுக்காரரோடு உள்ள மனஸ்தாபம் அல்ல. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் கொண்டுவந்தவர்கள் நகோமியின் பெயரையும் ‘பிக்ரா’ என்றே மொழிபெயர்த்தார்கள். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக எபேசியரின் பிக்ரியாவை எடுத்து பெத்லகேமின் விதவைமேல் போடாதீர்கள். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்யும். எதைச் செய்கிறது என்பதை அந்த அதிகாரம்தான் தீர்மானிக்கும்.

கூட்டத்தில் நடத்தும்போது

நாற்பது நிமிடம் இருந்தால் ஐந்து வசனத்துக்குமேல் எடுக்காதீர்கள்: யாத்திராகமம் 1:14, 12:8, 1 சாமுவேல் 1:10, 2 இராஜாக்கள் 4:27, ரூத் 1:20. ஸ்ட்ராங் எண்களைப் பேச்சில் சொல்லவே வேண்டாம், அவை உங்கள் நோட்டோடு நிற்கட்டும். ‘மர்’ என்ற சொல்லை மட்டும் மூன்று தரம் எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். குறில் அகரம், ‘மார்’ அல்ல.

ருசிகாட்ட விரும்பினால் அகத்திக்கீரை நல்லது. நாற்பது பேருக்கு இரண்டு கட்டு. இலையை உருவி, உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, ஆளுக்கு ஒரு டீஸ்பூன். தேங்காய்ப்பூ, பாசிப்பருப்பு, வெங்காயம் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் பொரியல் ஆகிவிடும், கசப்பு ஒளிந்துகொள்ளும். அகத்தி மருந்தை முறிக்கும் என்பதால் நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் வேண்டாம் என்பார்கள். வற்புறுத்தாதீர்கள். பாகற்காய் வேண்டாம், நாம் அதை ரசித்துச் சாப்பிடப் பழகிவிட்டோம். பங்குனி, சித்திரையில் கூட்டம் என்றால் பச்சை வேப்பம்பூ நாலைந்து போதும். பஸ்காவும் ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான் வரும்.

மரிக்கொழுந்தை ஒரு கட்டு வாங்கி முகரக் கொடுங்கள், கையில் தேய்த்துப் பார்க்கட்டும். மார்க்கெட் சரக்கில் மருந்து அடித்திருப்பார்கள், வாயில் வைக்க விடக்கூடாது. எட்டிக் கொட்டையைக் காட்டுவதற்காகக்கூடக் கொண்டுவர வேண்டாம், பிள்ளைகள் நடுவில் அது ஆபத்து.

பஸ்காக் கீரை எது என்று யாராவது கேட்டால், யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஐந்து செடிகளைச் சொல்கிறது. அதில் லெட்டூஸ் ஒன்று, சிக்கரி இனத்துக் கீரை ஒன்று. நம் காப்பித்தூளில் கலக்கும் சிக்கரி அந்த இனத்துச் செடியின் வறுத்த வேர்தான். லெட்டூஸ் இளசாக இருக்கும்போது கசக்காது, முற்ற முற்றக் கசக்கும். எகிப்தில் வேலை முதலில் மெதுவாகத் தொடங்கிப் பின்னால் கடினமானதை யூத போதகர்கள் அதோடு ஒப்பிட்டார்கள்.

கீரையைக் கொடுத்த பிறகு உடனே பேசாதீர்கள். ஒரு நிமிடம் போகட்டும், தண்ணீரும் கொடுக்க வேண்டாம். வாயில் அது இருக்கும்போதே ரூத் 1:20, 21-ஐ ஒரு பெண் எழுந்து வாசிக்கட்டும். விளக்கம் அதற்கு அப்புறம். வாசித்து முடித்ததும் யாராவது அழுதால், அவரைச் சமாதானப்படுத்த அடுத்த வசனத்துக்கு ஓடவேண்டாம். பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் காத்திருங்கள்.